ஒரு நடைக்கு ஒரு கொட்டை

அந்த ஆயா என் மேஜைமேல் வைத்தது ஓர் எவர்சில்வர் தூக்குப்போசி. சோறு கொண்டுவந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூடியைத் திறந்தால் கழுத்துவரை புளியங்கொட்டை.

"எண்ணிப் பாத்துக்க கண்ணு. ஒரு நடைக்கு ஒரு கொட்டை. ஆடி பொறந்ததுல இருந்து போட்டு வெச்சிருக்கேன்."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தர்மபுரிப் பக்கத்தில் எத்தனையோ பெண்களைப்போலப் புளி தட்டித்தான் வருஷத்தை ஓட்டுகிறார். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுத்தால் கிலோ கணக்கில் கூலி. வீட்டில் கொட்டைக்குப் பஞ்சமில்லை. குவாரிப் பாதை அவர் வாசலை உரசிக்கொண்டு போகிறது. லோடு ஏற்றிய டிப்பர் கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்துப் போசியில் போட்டிருக்கிறார். ராத்திரியில் படுத்தபடியே சத்தத்தை வைத்து எண்ணி, விடிந்ததும் சேர்த்துப் போட்டதும் உண்டு என்று அவரே சொன்னார். கேட்காமலேயே அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் அது என்னவாகும் என்பதும் அந்த நிமிஷமே தெரிந்தது.

அதுவரை நான் பார்த்த வழக்குகள் பாகப்பிரிவினை, வழித்தகராறு, ஜீவனாம்சம். கல் குவாரி வழக்கு ஒன்றுகூட இல்லை. அவரோடு வந்திருந்த இரண்டு பேரும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்தவர்கள். பதிலாக வந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். 'புலத்தணிக்கை செய்யப்பட்டது. விதிமீறல் ஏதும் காணப்படவில்லை. மனு முடிக்கப்படுகிறது.' எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. வழக்கின் ஒரு பகுதி இன்னும் நடக்கிறது, மனுதாரர்களும் எதிர்மனுதாரரும் இன்றும் ஒரே பஸ்ஸில்தான் பாலக்கோட்டுக்கு வருகிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஆயா குடியிருக்கும் காலனிக்கு மேற்கே ஒரு கரடு. பெரிய மலை இல்லை. சரிவெல்லாம் சீத்தாச் செடி, இடையிடையே உசிலை மரம், மேலே ஒரு சுனை. மழை பெய்தால் கரட்டின் தண்ணீர் இரண்டு ஓடையாக இறங்கி ஏரிக்குப் போய்ச் சேரும். ஏரிக்குக் கீழே ஏழெட்டுக் கிணறுகள், கேழ்வரகு, தக்காளி. ஆடு மேய்க்க, விறகு பொறுக்க, சீத்தாப்பழம் பறித்து ரோட்டோரம் விற்க எல்லாவற்றுக்கும் அந்தக் கரடுதான். கிராமத்தின் அ-பதிவேட்டில் அதற்கு இருக்கும் பெயர் ஒரே சொல்: கல்லாங்குத்து. சுனையைப் பற்றியோ ஓடையைப் பற்றியோ ஒரு வரி இல்லை. கல் இருக்கிறது, தீர்வை இல்லை, அவ்வளவுதான் அரசுக் கணக்குக்குத் தெரிந்தது.

நான் போனபோது கரட்டின் கிழக்குப் பாதியைக் காணோம். அந்த இடத்தில் கிணறுபோல நேராக இறங்கிய ஒரு பள்ளம். சுரங்கத் திட்டத்தில் படிப்படியாக பெஞ்ச் வெட்டி இறங்க வேண்டும் என்றும், குத்தகை எல்லையை ஒட்டி ஏழரை மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்றும் எழுதியிருக்கும். இங்கே பெஞ்சும் இல்லை, இடைவெளியும் இல்லை. எல்லைக்கல் எங்கே என்று கேட்டேன். கூட வந்த பையன் பள்ளத்தின் நடுவில், காற்றில், கையை நீட்டிக் காட்டினான்.

அந்தப் பையன் ஆயாவின் பேரன். அதே குவாரியில் கம்ப்ரசரில் குழாய் மாட்டிக் கல்லில் துளை போடுகிற வேலை. இருபத்தைந்து வயதுக்குள், பேசும்போது மூச்சு இழுத்தது. கருங்கல்லைத் துளைக்கும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் அது போய்த் தங்கினால் வருகிற சிலிக்கோசிஸுக்கு முழுமையாகக் குணமாக்கும் வைத்தியம் கிடையாது. வழக்குப் போட்டால் இவன் வேலை போய்விடும் என்று ஆயாவிடம் சொன்னேன். "போவட்டும்" என்றார். பேரன் ஒன்றும் பேசவில்லை.

குவாரியில் கூலி வாங்கியவர்களில் பாதிப்பேர் அந்தக் காலனிக்காரர்களே. டிப்பர் ஓட்டியவர்களில் சிலரும் அப்படியே. நாற்பது வீட்டில் வக்காலத்தில் கைநாட்டு வைத்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களைக் கோழைகள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல்பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கத்தில், குவாரிகளுக்கு எதிராகத் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி மோதி இறந்தார், அது கொலை வழக்காகியது. அந்தச் செய்திகளைப் படித்த நாட்களில் எனக்கு அந்த மூன்று பெருவிரல் ரேகைகள்தான் நினைவுக்கு வந்தன.

போசியை என் குமாஸ்தா இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினார். அதை அப்படியே சாட்சியமாக்க முடியாது. ஆனால் அந்த எண்ணிக்கை என்னை ஒரு கேள்விக்குத் தள்ளியது: அரசு கணக்கில் எத்தனை நடை? குவாரியிலிருந்து போகும் ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு வேண்டும். வண்டி எண், தேதி, நேரம், எத்தனை யூனிட் என்று அதில் எழுத வேண்டும். யூனிட் என்றால் நூறு கன அடி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குத்தகைப் பத்திரம், சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, நடைச்சீட்டுப் பதிவேடு எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்தேன். முப்பது நாளில் வர வேண்டியது, மேல்முறையீடு செய்தபிறகு வந்தது. ஆயாவின் ஒரு மாதக் கொட்டை ஆயிரத்தைத் தாண்டியது. அதே மாதத்துக்குக் கொடுக்கப்பட்ட நடைச்சீட்டு முந்நூறைத் தொடவில்லை. ஒரு சீட்டை வைத்துக்கொண்டு மூன்று நான்கு நடை அடிப்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். எண்ணிக்கையாகப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

ஆற்று மணல் கிடைக்காமல் போனபிறகு, கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு வந்த கிராக்கி இந்தக் கரடுகள்மீதுதான் விடிகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் எடுக்கப்படுவதாகவும், தண்ணீருக்கு அடுத்தபடி மனிதன் அதிகம் பயன்படுத்தும் பொருள் இதுதான் என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீடு கட்டக் கல் வேண்டும், ரோடு போட ஜல்லி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. எங்கே எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு, அந்தக் காகிதத்தை மிதித்துக்கொண்டு எடுப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

சட்டத்தில் இதற்கு ஆயுதம் இல்லாமலில்லை. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் தண்டனையும் இருக்கிறது, வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் எடுத்த கனிமத்தின் விலையையே வசூலிக்க உட்பிரிவு 5 இடம் கொடுக்கிறது. டெல்லி அரசு எதிர் சஞ்சய் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், இப்படி எடுப்பது சுரங்கச் சட்டக் குற்றம் மட்டுமல்ல, அரசின் சொத்தைத் திருடுவதும்தான், போலீஸ் தனியே திருட்டு வழக்குப் பதியலாம் என்றது. ஒரிசா இரும்புத்தாது வழக்கான காமன் காஸ் வழக்கில் 2017 ஆகஸ்ட் 2 அன்று இன்னும் ஒரு படி மேலே போனது. குத்தகை கையில் இருந்தாலும், அனுமதித்த அளவைத் தாண்டி எடுத்தால் அதுவும் சட்டவிரோதச் சுரங்கமே, எடுத்ததன் முழு மதிப்பையும் கட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. 'எங்களிடம் குத்தகை இருக்கிறதே' என்று சொல்லித் தப்பித்த காலம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டம் முழுக்கக் கல்லின் விலையைப் பற்றிப் பேசுகிறது. எத்தனை கன மீட்டர், என்ன விலை, அரசுக்குக் கட்ட வேண்டிய சீனியரேஜ் எவ்வளவு பாக்கி. மதுரை கிரானைட் விவகாரமும் இப்படித்தான் நாட்டுக்குத் தெரிந்தது. 2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் எழுதிய கடிதத்தில் சொன்ன இழப்பு 16,338 கோடி ரூபாய். பின்னால் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கையில் தொகை ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. அந்தத் தொகைகள் எல்லார் மனதிலும் நிற்கின்றன. அதே மேலூர் வட்டாரத்தில் கழிவுக் கற்களுக்கு அடியில் போன வாய்க்கால்களையும் கண்மாய்களையும் அங்கே விவசாயம் செய்தவர்களைத் தவிர வேறு யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

எங்கள் மூன்று மனுதாரர்களும் கல்லின் விலையைக் கேட்டு வரவில்லை. தண்ணீர் போய்விட்டது என்று வந்தவர்கள்.

தர்மபுரி மண்ணுக்கு அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கடும்பாறை. ஆற்றுப்படுகை மாதிரி ஆழம்வரை ஈரம் குடித்து வைத்துக்கொள்ளும் நிலம் இல்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் தேங்குகிற தண்ணீர்தான் கிணற்றுத் தண்ணீர். பக்கத்தில் கிணற்றின் தரையைவிட ஆழமாக ஒரு பள்ளம் வெட்டினால் ஊற்று அந்தப் பக்கம் திரும்பிவிடும். பள்ளத்தில் ஊறியதை இவர்கள் மோட்டார் வைத்து ராத்திரி பகலாக வெளியே இறைத்துக்கொண்டிருந்தார்கள். கிணறு வற்றினால் ஆழ்துளைக்குப் போக வேண்டும். ஆழ்துளைக்குப் போனால் ஃபுளோரைடு. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்துப் பல் காவியேறி முட்டி வளைந்த மனிதர்களை எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் பார்க்கலாம். அதற்காகவே ஜப்பான் கடன் வாங்கி, ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்து, 2013-ல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கினோம். இருக்கிற நல்ல கிணற்றை வற்றவிட்டு, எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவரும் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கே வழக்குப் போடுவது என்பதற்கே இரண்டு வாரம் ஆனது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். அங்கே அளவெடுப்பு, நிபுணர் குழு என்று கேட்பதைவிடப் பசுமைத் தீர்ப்பாயத்தில் கேட்பது எளிது. ஆனால் 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் அட்டவணையில் ஏழு சட்டங்கள்தான் உண்டு. நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. சுரங்கச் சட்டம் அதில் இல்லை. 'கல் திருட்டு' என்று எழுதிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனையை மீறிய செயல்' என்று எழுதினால் உள்ளே போகலாம்.

அந்தக் கதவு திறந்ததே 2012 பிப்ரவரி 27 அன்றுதான். ஹரியானாவில் குவாரிகளை ஐந்து ஹெக்டேருக்குக் கீழே துண்டுபோட்டு ஏலம் விட்டார்கள், அப்படிச் செய்தால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பதற்காக. தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. எங்கள் கரட்டுக் குத்தகையும் ஐந்து ஹெக்டேருக்குக் கீழேதான். அந்தத் தீர்ப்பு வந்திராவிட்டால் எங்களுக்கு நிற்க இடமே இருந்திருக்காது.

அடுத்தது கெடு. கொடுத்த அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முப்பது நாள், தாமதத்துக்குக் காரணம் சொன்னால் மேலும் அறுபது. அனுமதி என்று ஒன்று இருப்பதே ஊருக்குத் தெரிவதற்குள் அது கடந்துவிட்டது. பிரிவு 14-ன் கீழ் வழக்கென்றால் காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம். அதுவும் இழுபறி. பிரிவு 15 மட்டும் ஐந்து வருஷம் கொடுக்கிறது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கெட்டுப்போன சொத்தையும் சுற்றுச்சூழலையும் மீட்டுக்கொடுத்தல். பரிகாரத்தை முக்கியமாக அதன்கீழ் கேட்டேன். மொரப்பூரில் ராத்திரி ரயிலேறி, விடியற்காலையில் சென்னையில் இறங்கி, தாக்கல் செய்துவிட்டு அன்றே திரும்பினேன்.

எதிர்த்தரப்புப் பதிலைப் படித்தபோதுதான் வழக்கின் முடிச்சு எங்கே என்று தெரிந்தது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-ல் 36-ஆம் விதி, மக்கள் வசிக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை கொடுக்கக் கூடாது என்கிறது. குத்தகைக் கோப்பில், அருகிலுள்ள குடியிருப்பு 400 மீட்டருக்கு அப்பால் என்று சான்று இருந்தது. சுற்றுச்சூழல் அனுமதிக்குக் கொடுத்த விண்ணப்பத்திலும் அதே எண். நான் என் காலால் நடந்துபோன இடம் அது. குவாரி விளிம்புக்கும் ஆயா வீட்டுச் சுவருக்கும் இடையில் இருநூறு மீட்டர்கூட வராது.

சான்று கொடுத்தவர் பொய்யெழுதவில்லை, அதுதான் கொடுமை. விதியில் 'வசிக்கும் இடம்' என்பதற்கு விளக்கம் இருக்கிறது: வருவாய்ப் பதிவேட்டில் கிராம நத்தம் அல்லது வீட்டுமனை என்று குறிக்கப்பட்ட இடம், அல்லது உள்ளாட்சியோ திட்டக் குழுமமோ அங்கீகரித்த மனைப்பிரிவு. ஊர் நத்தம் 400 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது, உண்மைதான். காலனி? கிராமக் கணக்கில் அந்தப் புல எண் இன்னும் புஞ்சை நிலம். அங்கே நாற்பது வீடு. சிலது அரசு பணத்திலேயே கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். வீட்டுவரி ரசீது இருக்கிறது, கரண்ட் அட்டை இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டுப்போடப் பெயர் இருக்கிறது. அளக்கும் நாடாவுக்கு மட்டும் அங்கே மனிதர்கள் இல்லை.

வருவாய்ப் பதிவேடு என்கிற ஒரு காகிதத்தை மறுக்க எனக்கு இன்னொரு வருவாய்க் காகிதம் வேண்டியிருந்தது. "எப்போ இங்க குடி வந்தீங்க ஆயா?" என்று கேட்டேன். "எம்மவன் கைப்புள்ளையா இருந்தப்போ. கவருமெண்டுல எடம் குடுத்தாங்க, பட்டா குடுத்தாங்க." எங்கே என்றேன். இரும்புப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தார். உள்ளே பாலிதீன் பை. அதற்குள் செய்தித்தாள். அதற்குள் மடித்த இடமெல்லாம் பிய்ந்து, நாலு துண்டாக விழும் நிலையில் ஒரு வீட்டுமனை ஒப்படைப் பட்டா. தாசில்தார் கையெழுத்து மங்கியிருந்தது, முத்திரை தெரிந்தது, புல எண் தெரிந்தது, மனை எண் தெரிந்தது. ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுத்த நிலம். பட்டா கொடுத்தார்கள். உட்பிரிவு செய்து கிராமக் கணக்கில் ஏற்றும் வேலையை யாரும் செய்யவில்லை. தமிழ்நாடு முழுவதும் எத்தனை காலனிகள் இப்படிக் கணக்கில் ஏறாமல் கிடக்கின்றன என்று எண்ணினால் எனக்குப் பதறுகிறது.

நான் அந்தக் காகிதத்தைத் தொடப் பயந்துபோய்த் தரையில் விரித்துவைத்தே படமெடுத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் மேலும் பதினோரு வீட்டிலிருந்து பட்டாக்கள் வந்தன. கைநாட்டு வைக்கப் பயந்த வீடுகளும் அதில் உண்டு. ஒரு டிப்பர் டிரைவரின் மனைவி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், வீட்டுக்காரருக்குத் தெரியாமல்.

தீர்ப்பாயம் ஒரு கூட்டுக் குழுவை அனுப்பியது. வருவாய்த்துறை, கனிமவளத்துறை, மாசு கட்டுப்பாட்டு வாரியம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள். டிஜிபிஎஸ் கருவியை மூன்று காலில் நிறுத்திக் குத்தகையின் மூலைகளைக் கண்டுபிடித்தார்கள். நான்கு மூலையில் இரண்டு மூலை பள்ளத்தின் நடுவில் அந்தரத்தில் வந்தது, பையன் அன்று கை நீட்டிக் காட்டியதைப்போலவே. விளிம்பிலிருந்து ஆயா வீட்டுச் சுவருக்கு அளந்தார்கள்: 187 மீட்டர்.

அளந்துகொண்டிருந்த அலுவலர் ஒருவர் தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் குனிந்தார். கூரையில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் தட்டம் அளவுக்கு ஓட்டை, அதன்மேல் உரச்சாக்கு. கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கருங்கல் துண்டைக் காட்டி, "இதாங்க அய்யா மேல இருந்து வந்தது" என்றார் ஆயா, குறை சொல்கிற தொனியே இல்லாமல். அலுவலர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஒரு பக்கம் துளைபோட்ட அரைவட்டத் தடம் அப்படியே இருந்தது. குழு அறிக்கையில் அந்தக் கல்லுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள்.

விசாரணையில் எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் மரியாதையாகவும் கூர்மையாகவும் வாதாடினார். புளியங்கொட்டைக் கணக்கை வைத்து ஒரு குத்தகையை ரத்து செய்வதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று 19-ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்குச் சொன்னாலும், நான் கொட்டையை நம்பி நிற்கவில்லை. நடைச்சீட்டுப் பதிவேட்டையும் குழு கணக்கிட்ட பள்ளத்தின் கன அளவையும் அருகருகே வைத்தேன். சீட்டில் போன கல்லைவிடப் பள்ளத்திலிருந்து போன கல் பல மடங்கு.

குடியிருப்புபற்றி இரண்டு வாதம் வைத்தேன். ஒன்று, பட்டாவே வருவாய்ப் பதிவுதான், அதைக் கணக்கில் ஏற்றாதது பட்டாதாரரின் குற்றமில்லை. இரண்டாவது, எனக்கு முக்கியமானது. 1959 விதியில் உள்ள விளக்கம் குத்தகை கொடுப்பதற்கு. சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பத்தில் கேட்பது பதிவேட்டை அல்ல, அங்கே ஆள் வசிக்கிறார்களா என்பதை. தூசியும் வெடிச்சத்தமும் பட்டாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வருவதில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் எட்டாவது பத்தி, முக்கியமான விவரத்தை மறைத்தோ தவறாகவோ கொடுத்து அனுமதி வாங்கினால் அதை ரத்து செய்யலாம் என்கிறது. பழைய கூகுள் எர்த் படங்களை வருஷவாரியாகக் காட்டினேன். குவாரி தொடங்குவதற்கு முந்தைய படத்திலேயே நாற்பது கூரையும் வரிசையாகத் தெரிந்தன.

கிணறுகள்பற்றிய வாதத்தில்தான் திணறினேன். வற்றியதற்குக் காரணம் மழைக்குறைவு என்றார்கள். முன்பு எத்தனை அடியில் தண்ணீர் நின்றது என்பதற்கு எங்களிடம் எழுத்து எதுவும் இல்லை. கிணற்றுப் படிக்கட்டில் பதினாலாவது படிவரை பாசிக்கறை இருந்தது, அதைப் படமெடுத்துப் போட்டேன். அந்தக் குறையைத் தாங்கிப்பிடித்தது நம் பக்கத்துப் பாலாற்று வழக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போன வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி நிலங்களுக்காக 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கேடு வருமென்றால் விஞ்ஞான உறுதி முழுதாக வரும்வரை காத்திருக்க வேண்டாம், கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் சுமை அந்தத் தொழிலைச் செய்பவர்மீது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அந்த முன்னெச்சரிக்கைக் கொள்கையைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறது. பாலாற்றங்கரை மக்கள் வாங்கிக்கொடுத்த அந்தச் சொல்லில்தான் எங்கள் கிணறுகள் நின்றன.

உத்தரவு வந்தது. தவறான விவரத்தால் பெற்ற அனுமதி செல்லாது. குவாரி நிற்க வேண்டும். பள்ளத்துக்கு வேலி, ஓடைகளை அடைத்த கழிவுக்கல்லை அகற்றுவது, சுற்றுச்சூழல் இழப்பீடு. அதிகமாக எடுத்த கல்லின் மதிப்பை வசூலிப்பதைச் சட்டப்படி செய்யும்படி துறையிடம் விட்டது. மனுதாரர்களின் தனிப்பட்ட இழப்பை மதிப்பிடுவது தனியாக நடக்கிறது. சுற்றுச்சூழல் இழப்பீடு என்று கட்டுகிற பணம் அரசுக் கணக்குக்குப் போகிறது, வற்றிய கிணற்றுக்காரருக்கு நேரே வருவதில்லை என்பதை ஊரில் விளக்கியபோது எனக்கு வார்த்தை வரவில்லை. இந்த ஏற்பாடு மாற வேண்டும். எங்கே கேடு நடந்ததோ அந்த ஊருக்கே அந்தப் பணத்தில் முதல் உரிமை வேண்டும்.

வழக்கின் புண்ணியத்தில் காலனிக்கு உட்பிரிவு நடந்தது. நாற்பது மனையும் இப்போது கிராமக் கணக்கில் வீட்டுமனை. சர்வேயர் வந்து கல் நட்ட அன்று எல்லா வீட்டிலும் பொங்கல் வைத்திருந்தார்கள். பேரனுக்குச் சேலத்து அரசு மருத்துவமனையில் பார்த்தார்கள், இப்போது தூசியில்லாத வேலைக்குப் போகிறான். பள்ளத்தில் மழைத்தண்ணீர் பச்சையாக நிற்கிறது. வேலிக்கம்பி போட்டிருக்கிறார்கள். கிணறுகளில் பாசிக்கறை பதினாலாவது படியில் அப்படியே இருக்கிறது, தண்ணீர் அவ்வளவு தூரம் ஏறவில்லை.

பட்டாவைத் திரும்ப வாங்கிப்போக ஆயா ஆபீசுக்கு வந்தார். மஞ்சப்பையில் பழையபடி செய்தித்தாளைச் சுற்றி, பாலிதீனைச் சுற்றி வைத்துக்கொண்டார். எழுந்தவர் அலமாரியைப் பார்த்து நின்றார்.

"அந்தப் போசிய எடு கண்ணு."

எடுத்துக் கொடுத்தேன். கொட்டையைப் பழைய பேப்பரில் கொட்டிவிட்டு, முந்தானையால் உள்ளே துடைத்தார்.

"கொட்டையை நீயே வெச்சுக்க. குழாயில ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வுடறான். இதுலயும் ஒரு போசி புடிச்சு வெச்சா ஆவும்."